சந்தலும்: ஒரு லத்தீன் பெயர்ச்சொல்லின் பிறப்பும் ஒலிப்பும் இலக்கணமும்

சந்தன மரத்துக்குத் தாவரவியல் வழங்கும் பெயர் 'சந்தலும் அல்பும்'. இரண்டும் லத்தீன் சொற்கள். முதலாவது பெயர்ச்சொல், இரண்டாவது 'வெள்ளை' என்று பொருள்படும் பெயரடை. தமிழ்ப் பாடநூல்கள் ஆங்கில ஒலிப்பை ஒட்டி இதைச் 'சாண்டலம் ஆல்பம்' என்று அச்சிடுகின்றன. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரும்' நூலில் இந்த இணைப்பெயர் நிலைபெற்றது. ஆனால் 'சந்தலும்' என்ற சொல்லை அவர் படைக்கவில்லை. அது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வழங்கிவந்தது. அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. தமிழிலேயே இருக்கலாம் என்பதற்கும் வலுவான சான்றுகள் உண்டு.

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் நெருங்கிவரும் சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம், குப்பம் வட்டாரத்தில் சந்தனத்துக்கு மூன்று மொழிப் பெயர்களும் காதில் விழும். தமிழ் பேசுவோர் 'சந்தனம்' என்ற சொல்லின் முதலெழுத்தை 'ஸ' ஒலியோடு சொல்கிறார்கள். தெலுங்கு பேசுவோர் அதே எழுத்தை 'அச்சம்' என்பதில் வரும் வல்லொலியோடு சொல்கிறார்கள். 'கந்தபு செக்க' என்றும் வழங்குகிறார்கள். கோலார்ப் பக்கத்துக் கன்னடத்தில் அது 'ஸ்ரீகந்த'. வடக்கே, 2022இல் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தின் சேஷாசல மலைகளில் வளரும் செம்மரத்துக்குத் தெலுங்கில் 'எர்ரசந்தனம்' என்று பெயர். அதன் லத்தீன் பெயரிலும் 'சந்தலும்' ஒளிந்திருக்கிறது. ஆகவே இச்சொல்லின் வரலாறு இந்த நிலப்பகுதிக்கு வெளியூர்ச் செய்தி ஆகாது.

லத்தீன் சொல்லுக்கு மூலம் சமஸ்கிருதச் 'சந்தன' என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அந்தச் 'சந்தன' எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேற்றுமை. மரபான வடமொழி விளக்கம், மகிழ்வித்தல் என்னும் பொருளுள்ள 'சந்த்' வேரிலிருந்து இதைப் பிரிக்கிறது. ஒப்பியல் மொழிநூலில் அந்த வேர் ஒளிர்தலைக் குறிக்கும். நிலவைக் குறிக்கும் 'சந்திர' அதில் பிறந்தது. லத்தீனில் ஒளிர்தலைக் குறிக்கும் 'கந்தேரே', வெண்மையைக் குறிக்கும் 'கந்திதுஸ்' இரண்டும் அதன் உறவுகள். இதை ஏற்றால் சந்தலும் தன் தூரத்து உறவினர் வீட்டுக்கே விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தது என்றாகும். ஆனால் சந்தனம் ஒளிரும் பொருள் அல்ல. மணமும் குளிர்ச்சியும் பூசப்படும் தன்மையுமே அதன் இயல்புகள். ரிக்வேதத்தில் இச்சொல் இல்லை. இதிகாசங்களிலும் பாலி நூல்களிலுமே அது பெருக வழங்குகிறது. வடமொழியாளர் தென்னாட்டோடு நெருங்கிப் பழகிய காலத்துச் சொல் என்று கருதுவதற்கு இது இடம் தருகிறது. சந்தனத்துக்கு வடமொழியில் 'மலயஜ', அதாவது மலயத்தில் பிறந்தது, என்று மற்றொரு பெயரும் உண்டு. அந்த மலயமோ தமிழின் 'மலை'யோடு சேர்ந்த சொல்.

திராவிட மூலத்தை முன்வைப்போர் சுட்டுவது 'சாந்து' என்ற சொல்லை. தாமஸ் பர்ரோ, முர்ரே எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961) சாந்தையும் 'சாத்து' என்ற வினையையும் ஒரே குடும்பமாகத் தொகுக்கிறது. சாத்துதல் என்றால் பூசுதல், அணிவித்தல். கோயில்களில் இன்றும் சாமிக்குச் சந்தனக் காப்பு சாத்துகிறார்கள், மாலை சாத்துகிறார்கள். சாத்தப்படுவது சாந்து. சுண்ணாம்புச் சாந்து, நெற்றிக்கு இடும் சாந்துப் பொட்டு ஆகிய வழக்குகளில் சந்தன மரத்துக்கு வேலையே இல்லை. குழைத்துப் பூசும் பொருள் என்பதே சொல்லின் அடிப்படைப் பொருள். தெலுங்கில் கரும்பொட்டுக்கு வழங்கும் 'சாது'வும் இதன் இனம். சங்க நூல்கள் சந்தனத்தைச் சாந்து, சாந்தம், ஆரம் என்று குறிக்கின்றன. பூச்சின் பெயர் பூச்சுக்குரிய கட்டைக்கும், கட்டையின் பெயர் மரத்துக்கும் சென்றது என்ற இந்த வளர்ச்சிநிலை இயல்பானது. ஒளிர்தலிலிருந்து சந்தனத்துக்கு வருவதற்கு வேண்டிய வலிந்த பொருள்கோள் இங்கே தேவைப்படுவதில்லை.

ஒலி வகையிலும் ஒரு குறிப்பு இதற்குத் துணை நிற்கிறது. அகரம், ஐகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்களோடும் சகரம் சேர்ந்து சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. அந்த விதிப்படி 'சாந்து' தமிழில் தொடங்கத் தக்க சொல், 'சந்தனம்' தொடங்கத் தகாத சொல். விதி முழுதும் பின்பற்றப்படவில்லை. 'சகடம்' போன்ற சொற்கள் பழந்தமிழிலேயே உண்டு. பிற்காலத்தில் நன்னூல் எல்லா உயிரோடும் சகரத்தை அனுமதித்துவிட்டது. எனினும், தெற்கிலிருந்து வடக்கே போன 'சாந்து' வடமொழி உருவம் பெற்றுச் 'சந்தனம்' என்று திரும்பிவந்தது என்னும் கருத்தோடு இந்த எழுத்து வேறுபாடு நன்றாகப் பொருந்துகிறது. இது கணக்குப் போல நிறுவப்பட்ட முடிவு அல்ல. ஆனால் இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களில் பொருளும் ஒலியும் வழக்கும் ஒருங்கே ஒத்துவருவது இதில்தான்.

மரத்தின் தாயகம் வேறு கேள்வி. இந்தியச் சந்தன மரம் தீமோர்ப் பகுதித் தீவுகளிலிருந்து பழங்காலத்தில் கொண்டுவரப்பட்டது என்று கருதும் தாவரவியலார் உண்டு. அவர்கள் கூற்று சரியானாலும் சொல்லின் வரலாறு மாறாது. மலாய் மொழியின் 'செந்தானா' வடமொழியிலிருந்து சென்றதே. மரம் கிழக்கிலிருந்து மேற்கே வந்திருந்தாலும் அதன் பெயர் மேற்கிலிருந்து கிழக்கே போயிருக்கிறது.

மேற்கு நோக்கிய பயணத்தின் முதற்சுவடு தெளிவற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்ரையக் கடற்பயணம்', பரிகாசா (பரூச்) துறைமுகத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்கு ஏற்றுமதியான மரங்களைச் சொல்கிறது. கையெழுத்துப்படியில் உள்ள 'சகலினோன்' என்ற சொல்லைச் 'சந்தலினோன்' என்று திருத்திச் சந்தனம் எனக் கொண்டவர்கள் ஒரு சாரார். திருத்தம் வேண்டாம், அது தேக்கு என்பவர்கள் மறு சாரார். தூண்களோடும் உத்தரங்களோடும் சேர்த்து அந்த மரம் சொல்லப்படுவதால் தேக்கு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டஸ் எழுதியதில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. இலங்கைக்குக் கிழக்கு நாடுகளிலிருந்து வந்துசேரும் பட்டு, அகில், கிராம்பு ஆகியவற்றோடு 'ட்சந்தனா'வையும் அவர் குறிக்கிறார். இந்த உருவத்தில் னகரம் கெடாமல் இருக்கிறது. கடல் வாணிகரிடம் நேரே கேட்ட சொல் என்பதற்கு அதுவே அடையாளம்.

லத்தீனுக்குப் போன உருவம் இந்த வழியில் வந்ததல்ல, பாரசீக, அரபு வழியில் வந்தது. இடையில் மூன்று மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, ஒரே சொல்லில் அடுத்தடுத்து வந்த இரண்டு மூக்கொலிகளில் பின்னது லகரமாகி, சந்தன் 'சந்தல்' ஆயிற்று. ஒத்த ஒலிகள் நெருங்கும்போது ஒன்று விலகுவது பல மொழிகளில் காணும் நிகழ்ச்சி. இரண்டாவது, அரபியில் 'ச்ச' என்னும் வல்லொலி இல்லாததால் அதன் இடத்தில் அழுத்தமான ஸகரம் அமர்ந்தது. சீன நாட்டின் பெயர் அரபியில் 'ஸீன்' ஆனதும் இவ்வாறே. அப்படிப் பிறந்தது 'ஸந்தல்'. மூன்றாவது தகரத்தின் மாற்றம். வடமொழியிலும் அரபியிலும் அது ஒலிப்புடைய மெல்லிய தகரம். லத்தீனில் 'சந்தலும்' வல்லின 't' எழுத்தால் எழுதப்படுகிறது. பிற்காலக் கிரேக்கத்தில் மூக்கொலியை அடுத்த வல்லினத் தகரம் மெலிந்தே ஒலித்தது. ஆகவே இச்சொல்லை ஏற்ற கிரேக்கர் அதை வல்லின எழுத்தால் எழுதி மெலிவாகப் படித்தார்கள். 'பந்து' என்று எழுதும் தமிழர் செய்வதும் அதுவே. லத்தீனார் கிரேக்க எழுத்தைப் பார்த்து அப்படியே பெயர்த்தார்கள். அரபியைக் காதால் கேட்டு எழுதியவர்கள் மெல்லின 'd' இட்டார்கள். இடைக்கால ஏடுகளில் இரண்டு எழுத்துமுறைகளும் கலந்து கிடப்பதன் காரணம் இது.

செவ்வியல் லத்தீன் எழுத்தாளர்களான சிசரோவோ வெர்ஜிலோ அறிந்த சொல் அல்ல இது. அரபு மருத்துவ நூல்கள் பதினோராம் நூற்றாண்டு முதல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோதே சந்தலும் அந்த மொழியில் காலூன்றியது. இத்தாலியின் மோன்தே காசினோ மடத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் அந்தப் பெயர்ப்புப் பணியின் முன்னோடி. சலேர்னோ மருத்துவ மரபில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என மூன்று சந்தனங்கள் சேர்ந்த கூட்டு மருந்து புகழ்பெற்றிருந்தது. மூன்றையும் ஒரே இனம் என்று ஐரோப்பியர் நம்பினர். வெள்ளையும் மஞ்சளும் ஒரே மரத்தின் வெளிக்கட்டையும் வைரமும். சிவப்பு வேறொரு மரமான செம்மரம். மணமில்லாத செம்மரத்துக்குச் சந்தனப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஐரோப்பியரின் பிழை சிறிதே. தெலுங்கின் எர்ரசந்தனமும் வடமொழியின் ரக்தசந்தனமும் முன்பே அப்படித்தான் வகுத்திருந்தன. அரைத்துப் பூசும் பயன் இரண்டுக்கும் பொது. செம்மரத்துக்கு ஆங்கில வணிகத்தில் வழங்கும் 'ரெட் சாண்டர்ஸ்' பழைய பிரெஞ்சு உருவத்திலிருந்து வந்தது. அங்கே லகரம் மேலும் ரகரமாகிவிட்டது. காலணியைக் குறிக்கும் 'சாண்டல்' வேறு சொல். அது கிரேக்கக் காலணிப் பெயரிலிருந்து லத்தீனில் 'சந்தாலியும்' ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது.

கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட உரையாடல் நூலில் சந்தனத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கினார். தாவரவியலார் கிளூசியஸ் அதை லத்தீனில் சுருக்கி 1567இல் ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்டதால் ஐரோப்பிய அறிஞரிடையே அது பரவியது. அதன்பின் லின்னேயஸ். கட்டையாக மட்டும் அறிந்த பொருளை மரமாக வகைப்படுத்துவதில் அவருக்கும் தடுமாற்றம் இருந்தது. 1753இல் சந்தலும் அல்பும் என்று பெயரிட்ட அதே மரத்துக்கு 1771இல் 'சிரியும் மிர்திஃபோலியும்' என்று இன்னொரு பெயரும் கொடுத்துவிட்டார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் சந்தலும் நிலைத்தது.

ஒலிப்புக்கு வருவோம். லத்தீன் அழுத்த விதி எளியது. ஈற்றயல் அசை நெடிலானாலோ மெய்யில் முடிந்தாலோ அழுத்தம் அதன்மேல் விழும். ஒற்றில்லாக் குறிலானால் அதற்கு முந்திய அசைமேல் விழும். சந்தலும் என்பதில் ஈற்றயலான 'த' குறில். ஆகவே அழுத்தம் முதல் அசையில்: சந்-த-லும். செவ்வியல் முறையில் இதில் நெடிலே கிடையாது. 'சாண்டலம்' என்ற நீட்சி ஆங்கிலம் தந்தது. நாவை மடித்து ஒலிக்கும் டகரமும் லத்தீனுக்கு உரியதன்று. லத்தீன் தகரம் பல்லை ஒட்டியது, தமிழ்த் தகரத்துக்கு நெருங்கியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் நகரத்தை அடுத்த தகரம் மெலியும், லத்தீனில் மெலியாது. தமிழர் எழுத்தைப் பார்த்துச் 'சந்தலும்' என்று படிக்கும்போது, அறியாமலேயே இடைக்காலத்து மெல்லின உருவத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஈற்று மகரம் தமிழருக்குச் சிறப்பாக விளங்கக்கூடியது. லத்தீனில் சொல்லின் இறுதி மகரம் இதழ் மூடி முழுதாக ஒலிக்கவில்லை. உயிர்முதற்சொல் வந்தால் அது ஏறக்குறைய மறைந்துவிடும் என்று முதல் நூற்றாண்டு ஆசிரியர் குயின்டிலியன் குறித்திருக்கிறார். செய்யுளில் அந்த அசையே அடுத்த உயிரில் கரைந்துவிடும். கல்வெட்டுகள் சிலவற்றில் மகரம் எழுதப்படாமலே விடுபட்டிருக்கிறது. முன்னிருந்த உயிர் நீண்டு மூக்கொலியாகியது என்பது இன்றைய ஆய்வாளர் முடிவு. பேச்சுத் தமிழில் 'மரம்', 'சந்தனம்' என்னும் சொற்களின் ஈறும் இதே போக்கில் மூக்குயிராகவே வாயிலிருந்து வருகிறது. இரு மொழிக்கும் உறவில்லை. மூக்கொலி ஈறு தேய்வது நாவின் பொதுப்போக்கு. பள்ளிகளில் லத்தீன் மகரத்தை அழுத்தி ஒலிக்கக் கற்பிப்பது எழுத்தைக் கண்டு எழுந்த வழக்கமே.

செம்மரத்தின் பெயரான 'தெரோகார்புஸ் சந்தலினுஸ்' என்பதில் பெயரடையின் அழுத்தம் சிக்கலானது. லத்தீனுக்கே உரிய '-ஈனுஸ்' விகுதியில் இகரம் நெடில், அழுத்தம் அதன்மேல் விழும்: சந்தலீனுஸ். கிரேக்கத்தில் இன்ன பொருளால் ஆனது என்று காட்டும் '-இனோஸ்' விகுதியில் இகரம் குறில். அதிலிருந்து வந்ததாகக் கொண்டால் அழுத்தம் பின்வாங்கித் தகரத்தில் விழும். மரப்பெயர்களிலிருந்து பிறந்த பெயரடைகளுக்குக் கிரேக்க விகுதியே பொருத்தம் என்பது இலக்கணிகள் பக்கத்து நியாயம். வழக்கில் இரண்டும் கேட்கின்றன, பொருள் மாறுவதில்லை.

இலக்கணத்தில் முதலில் நிற்கும் கேள்வி பால். லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். ஈறு ஆண்பால் போலத் தோன்றினாலும் 'ஃபீகுஸ்' பெண்பாலே. அதனால்தான் அரச மரம் ஃபீகுஸ் ரெலிகியோசா என்று பெண்பால் பெயரடை பெறுகிறது. அப்படியிருக்கச் சந்தலும் மட்டும் ஏன் அலிப்பால்? '-உம்' ஈற்றுச் சொற்கள் அலிப்பால் என்று வடிவத்தைக் காட்டி முடித்துவிடலாம். ஆனால் வடிவத்துக்குப் பின்னால் ஒரு பொருள் மரபு இருக்கிறது. லத்தீனில் மரம் பெண்பாலாகவும், அதன் பழமோ கட்டையோ அலிப்பாலாகவும் வரும். 'பிருஸ்' பேரி மரம், 'பிரும்' பேரிப்பழம். 'பூக்சுஸ்' ஒரு மரம், 'பூக்சும்' அதன் கட்டை. சந்தலும் இந்த இரண்டாம் அணியைச் சேர்ந்தது. ஐரோப்பாவுக்குச் சந்தனம் கட்டையாகவும் தூளாகவுமே போயிற்று. மரத்தை அங்கே யாரும் கண்டதில்லை. பண்டத்தின் பெயரை லின்னேயஸ் மரத்துக்கு ஏற்றினார். பூச்சின் பெயர் மரத்துக்கு ஏறிய தென்னாட்டு வரலாறு ஐரோப்பாவிலும் ஒருமுறை நடந்தது என்று இதைக் கொள்ளலாம். இடைக்கால ஏடுகளில் 'சந்தலி' என்ற ஆண்பால் பன்மையும் வருவதுண்டு. லின்னேயஸுக்குப் பின் அந்தத் தளர்ச்சிக்கு இடமில்லை.

சந்தலும் லத்தீன் பெயர்த்திரிபு வகைகளில் இரண்டாவதன்படி திரியும். எழுவாய், செயப்படுபொருள், விளி மூன்றிலும் ஒருமை சந்தலும். கிழமைப் பொருளில் சந்தலீ. கொடைக்கும் நீங்கலுக்கும் சந்தலோ. பன்மையில் முதல் மூன்றும் சந்தலா, கிழமை சந்தலோரும், எஞ்சியவை சந்தலீஸ். எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே உருவம் பெறுவது அலிப்பால் பெயர்கள் அனைத்துக்கும் உரிய பண்பு. உயிரற்ற பொருள் பெரும்பாலும் செயலுக்கு உட்படுவதே என்பதால் உருபு காட்டிப் பிரிக்க வேண்டிய தேவை குறைவு. தமிழிலும் 'சந்தனம் அரைத்தாள்' என்று இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கலாம். 'மகன் அழைத்தாள்' என்றால் பொருள் குழம்பும். ஆனால் உருபு ஏற்கும் முறையில் இரு மொழிகளும் வேறு. தமிழில் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை தோன்றிச் சந்தனத்தை, சந்தனத்தின் என வரும். தெலுங்கில் சந்தனானிகி, பன்மையில் சந்தனாலு. லத்தீனில் சாரியையும் உருபும் தனித்தனியாக இல்லை. எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கலந்திருக்கின்றன.

பேரினப் பெயரின் பால் சிற்றினப் பெயரடையை ஆளும். ஆகவே சந்தலும் இனத்தின் பெயரடைகள் யாவும் அலிப்பால் ஈறு ஏற்கின்றன: ஆஸ்திரேலியாவின் ஸ்பிகாதும், ஹவாயின் பனிகுலாதும், நியூ கலிடோனியாவின் ஆஸ்திரோகலெடோனிகும். சிலி நாட்டுக்கு அப்பால் உள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளின் ஃபெர்னாண்டெசியானும் 1908இல் உயிரோடு கடைசியாகக் காணப்பட்டு அழிந்துபோனது. பெயரடை அல்லாதவை இந்த ஒப்புமைக்கு உட்படா. பப்புவா நியூ கினியின் 'மக்கிரெகோரியீ' ஒருவர் பெயரின் கிழமை வடிவம். ஃபிஜித் தீவின் 'யாசி' அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயரே. திரியாமல் அப்படியே நிற்கிறது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் திருப்பதி மலைகளே நல்ல பாடம். செம்மரத்தின் பேரினப் பெயர் 'தெரோகார்புஸ்' சிறகு, பழம் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. பழத்தைக் குறிக்கும் பின்சொல் ஆண்பால், எனவே சந்தலினுஸ். அதே இனத்தின் வேங்கை மரத்துக்கு 'மார்சூபியும்' என்று பெயர். ஆண்பாலோடு அலிப்பால் ஈறு எப்படிச் சேர்ந்தது என்று தோன்றும். அது பெயரடை அன்று, பையைக் குறிக்கும் பெயர்ச்சொல். பக்கத்தில் நிற்கிறதே தவிர ஒப்பவேண்டியதில்லை. அங்கேயே வளரும் 'பாஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலாதா' பெண்பால், நாவலின் இனமான 'சிசிஜியும் ஆல்தெர்னிஃபோலியும்' அலிப்பால், 'சைகஸ் பெட்டோமீ' என்பதில் பெட்டோம் என்ற வனத்துறை அதிகாரியின் பெயர் கிழமை வடிவில் நிற்கிறது.

சந்தலும் ஈன்ற சொற்கள் பல. லின்னேயஸின் மகன் 1781ஆம் ஆண்டுக்குரிய தம் இணைப்பு நூலில் செம்மரத்துக்குச் சந்தலினுஸ் என்று பெயரிட்டார். தரங்கம்பாடியில் பணியாற்றிய யோஹான் கூனிக் அனுப்பிய செடிகள் பல அந்த நூலில் இடம்பெற்றன. 'சந்தனம் சார்ந்த' என்னும் இப்பெயரடை செய்யும் வேலை, தெலுங்கின் 'கந்தபு செக்க' என்பதில் '-பு' செய்யும் வேலையே. தாவரவியலார் ராபர்ட் பிரவுன் 1810இல் வகுத்த குடும்பப் பெயரான சந்தலாசியே, 'செடிகள்' என்னும் பெண்பால் பன்மைப் பெயரைத் தழுவிய பெயரடை. செம்மரம் அதில் சேராது, அது அவரைக் குடும்பம். பிரிட்டிஷ் மருந்து நூலில் சந்தன எண்ணெய்க்கு 'ஓலியும் சந்தலீ', அதாவது சந்தனத்தின் எண்ணெய், என்று பெயர் இருந்தது. கிழமை வடிவம் அன்றாட வழக்குக்கு வந்த இடம் இது. மைசூர் அரசு 1916இல் எண்ணெய் ஆலை தொடங்குவதற்கு முன் பெரும்பகுதிக் கட்டை ஐரோப்பாவில் வடிக்கப்பட்டபோது குப்பிகளில் ஒட்டிய பெயரும் அதுவே. வேதியியலில் எண்ணெயின் மணப்பொருள் சந்தலால், செம்மரத்தின் சாயப்பொருள் சந்தலின்; ஒரே வேர், இரண்டு மரங்கள்.

சட்டத்திலும் லத்தீன் வடிவமே செல்லும். அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் தெரோகார்புஸ் சந்தலினுஸ் 1995இல் சேர்க்கப்பட்டது. சந்தலும் அல்பும் அப்பட்டியலில் இல்லை. கிழக்காப்பிரிக்கச் சந்தனம் என்று விற்கப்படும் 'ஓசிரிஸ் லான்சியோலாதா' பின்னர் சேர்ந்தது. வணிகத்தில் மூன்றும் சந்தனம் என்றே வழங்குவதால், துறைமுகத்தில் ஒரு கட்டை தடுக்கப்படுமா செல்லுமா என்பதைப் பெயரடையின் ஈறு வரை சரியாக எழுதிய லத்தீன் பெயர் தீர்மானிக்கிறது.